பதினாலாம் படுக்கை குடித்த தண்ணீர்

அந்த ஆஸ்பத்திரிக்கு அரசாங்கம் வைத்த பெயர் ஒரு முழ நீளம். அதை முழுதாகச் சொன்னவர் யாரும் கிடையாது. தூத்துக்குடிக்குத் தெற்கே உப்பளங்களுக்கு நடுவில் பஸ் நிற்கும்போது கண்டக்டர் "பாசி ஆஸ்பத்திரில்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார். பாதி பஸ் காலியாகிவிடும். தளவாய்க்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. ஒன்பது வருஷம் கண்ணுக்குள் வைத்து வளர்த்த சுவரை ஊர் வெறும் பாசி என்கிறதே என்று. போதாக்குறைக்கு அவரையும் 'பாசிக்காரர்' ஆக்கிவிட்டார்கள். கட்டடப் பொறியாளர் என்ற பட்டம் அவருடைய அறைக் கதவில் மட்டும் இருந்தது.

ஆனால் உள்ளே கால் வைத்த எவரும் அந்தக் கட்டடத்தைக் கேலி செய்ததில்லை. வெளியே வைகாசி வெயில் உப்புக் குவியல்களில் பட்டுக் கண்ணைக் கூச வைக்கும். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நாலு எட்டு நடந்தால் புதுமழை பெய்த மண் வாசம் வரும். ஏசி கிடையாது. மின்விசிறிகூடக் கிடையாது. கூரைமேல் நிற்கும் நான்கு காற்றுக் கோபுரங்கள் கடல் காற்றைப் பிடித்துக் கீழே இறக்கும். அந்தக் காற்று ஈரமான சுட்டமண் சுவர்களை உரசிக்கொண்டு வார்டுகளுக்குள் வரும். இடுப்பு உயரத்துக்கு மேல் சுவர் முழுக்கப் பச்சைப் பாசி. எங்கேயோ தண்ணீர் சொட்டுகிற ஓசை. 'சத்தம் போடாதீர்' என்று எங்கும் பலகை இல்லை. இருந்தும், மருமகளைத் திட்டிக்கொண்டே படியேறுகிற மாமியார்கூட வராந்தாவுக்கு வந்ததும் குரலைத் தணித்துக்கொள்வாள்.

மற்ற ஆஸ்பத்திரிகளில் செலவாகும் வலி மாத்திரையில் பாதிகூட இங்கே செலவாகவில்லை. நோயாளிகள் இரண்டு நாள் முன்னதாகவே வீட்டுக்குப் போனார்கள். தளவாய் வெளியில் அலட்டிக்கொள்ளாத மனிதர். தனியாக இருக்கும்போது மட்டும் சுவரைத் தட்டிக்கொடுப்பார். அதைப் பார்த்துவிட்ட ஒரு துப்புரவுப் பணியாளர் ஊரெல்லாம் சொல்லிவிட்டார்.

இப்படிச் சீரும் சிறப்புமாக இருந்த இடத்தில்தான் பதினாலாம் படுக்கை காலை வாரிவிட்டது.

"வியாழக்கிழமை பத்து மணிக்குக் கமிட்டி வருது, தளவாய்" என்றார் டாக்டர் வைரவன். மதுரையிலிருந்து மாற்றலாகி வந்து மூன்று மாதம் ஆன தலைமை மருத்துவர். "இன்னிக்கு செவ்வாய். பதிமூணு ஊர்ல இதே மாதிரி கட்டலாமா வேண்டாமான்னு அவங்கதான் முடிவு பண்ணணும். ரெண்டே விஷயம்தான் பார்ப்பாங்க. நோயாளி எத்தனை நாள்ல எழுந்திரிக்கிறார், ஒரு படுக்கைக்கு எவ்வளவு தண்ணி செலவு. முதல் விஷயத்துல நம்மளை யாரும் அசைக்க முடியாது. ரெண்டாவதுல இந்தப் பதினாலு நம்மளைக் கவுத்துடும்."

"மத்த அம்பத்தொம்பது படுக்கையும் நாப்பது லிட்டரைத் தாண்டல சார்."

"பதினாலு முந்நூத்தி இருபது. எட்டுப் படுக்கை குடிக்கிறதை ஒண்ணே குடிக்குது. எட்டு நாளா. மழைத் தண்ணியை நம்பி நிக்கிற கட்டடம் இது. கமிட்டி கண்ணு நேரா அங்கதான் போகும்." வைரவன் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ஒண்ணு விளங்கல. இவருக்கு இவ்வளவு தண்ணின்னு அந்தப் பாசிக்கு யார் சொல்றது?"

"யாரும் சொல்லுறதில்ல சார். தலைமாட்டுச் சுவர்ல நோயாளியோட மூச்சு படும். காய்ச்சல்காரன் மூச்சு ஒரு மாதிரி, வலியில இருக்கவன் மூச்சு ஒரு மாதிரி, பயந்தவன் மூச்சு வேற மாதிரி. பாசிக்கு அது தெரியும். அப்படித் தெரியிற ரகமாப் பார்த்து வளர்த்ததுதான் இது. ஆளு கஷ்டப்பட்டா அது தண்ணிய நெறைய உறிஞ்சி ஆவியா விடும். அந்த இடம் குளிரும், மண் வாசம் வரும். ஆளு தூங்குவார். மூச்சு சீரானதும் அதுவும் குடிக்கிறத நிறுத்திக்கும்."

"கம்ப்யூட்டர் எதுக்கு?"

"தண்ணி அளக்க. எதுக்குக் குடிக்குதுன்னு அதுக்குத் தெரியாது."

"கேமராவும் இல்ல."

"வேணும்னுதான் வைக்கல சார். யாரோ பார்த்துக்கிட்டே இருக்காங்கன்னா நோயாளிக்கு எப்படித் தூக்கம் வரும்?"

வைரவன் பெருமூச்சு விட்டார். பதினாலில் இருப்பவர் சுயம்பு, அறுபத்தொரு வயது, உப்பளத் தொழிலாளி. காலில் ஆறாத புண்ணுக்கு ஆபரேஷன் ஆகிப் பதினொரு நாள். "புண்ணு ஆறிடுச்சு. ரத்தப் பரிசோதனை சுத்தம். ஆனா வலிக்குதுங்கிறார். உங்க சுவரும் அதையே சொல்லுது. ரெண்டு பேரும் ஒரே சாட்சி சொன்னா நான் எப்படி வீட்டுக்கு அனுப்புறது?"

தளவாய் மேஜைமேல் கிடந்த தண்ணீர்க் கணக்கைத் தன் பக்கம் திருப்பினார்.

"புதன் சாயங்காலத்துக்குள்ள பதினாலுக்குப் போற தண்ணிக் குழாயை வெட்டிடுங்க. கமிட்டி போனதும் திரும்ப வளர்த்துக்கலாம்."

"வெட்டினா ரெண்டே நாள்ல கருகிடும் சார். புதுசா விதைச்சு வளர ஒன்றரை வருஷம் ஆகும்."

"ஓர் ஆள் அகலத்துச் சுவர் ஒரு பக்கம். பதிமூணு ஆஸ்பத்திரி ஒரு பக்கம். நீங்களே யோசிங்க."

அவர் சொன்னதில் தப்பில்லை. தளவாய்க்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. அந்தப் பதிமூன்று ஊர்ப் பட்டியலில் நாலாவது பெயர் விளாத்திகுளம், தளவாயின் சொந்த ஊர். அவருடைய அக்கா பேச்சியம்மாள் அங்கே முழங்கால் வலியோடு ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் குலுங்கித்தான் டாக்டரைப் பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் செய்தால் முதல் கேள்வியே "எப்பல கட்டுவிய?" என்பதுதான்.

அவர் நேரே வார்டுக்குப் போனார். பதினாலின் தலைமாட்டில் பாசி மற்ற இடங்களைப்போல இல்லை. விரல் புதையும் தடிமனில், கரும்பச்சையாகத் தளதளவென்று நின்றது. உரம் கூடினால்தான் அப்படி வளரும். சுவருக்குள் ஓடும் சத்துநீர்க் குழாயில் கசிவு இருக்கும் என்று மூன்று தடவை பிரித்துப் பார்த்துவிட்டார். இரண்டு இணைப்புகளை மாற்றியும் ஆயிற்று. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. இன்னொரு வினோதமும் இருந்தது. அது குடிப்பதெல்லாம் மதியம் ஒன்றிலிருந்து மூன்று மணிக்குள்தான். மற்ற நேரத்தில் சமர்த்தாக இருந்தது. தினம் சாயங்காலம் பராமரிப்புப் பதிவில் அவர் ஒரே வரியைத்தான் எழுதிவந்தார்: 'படுக்கை 14. பழுது. காரணம் தெரியவில்லை.'

"அண்ணாச்சி, வலி எப்படி இருக்கு?"

கட்டிலில் சம்மணம் போட்டு முறுக்கு கடித்துக்கொண்டிருந்த சுயம்பு சட்டென்று முகத்தைச் சுளித்தார். "இருக்குய்யா. இருந்துக்கிட்டேதான் இருக்கு."

"எந்த இடத்துல?"

சுயம்புவின் கை வலது முழங்காலுக்குப் போனது. கட்டு இருந்தது இடது காலில்.

கீழே ஸ்டூலில் உட்கார்ந்து தூக்குவாளியைத் துடைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தங்கபுஷ்பம் நிமிர்ந்து புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தளவாயிடம், "அவியளுக்கு வலி எடம் மாறி மாறி வரும் சார்" என்றாள். இந்த ஒரு வாக்கியத்துக்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கிக்கொண்டாள். தளவாய் அதைக் கேட்டார், ஆனால் மனதில் வாங்கவில்லை. அவர் கண் சுவரின் மேல் இருந்தது.

மறுநாள் புதன்கிழமை. பகல் ஒன்றேகால் மணிக்கு அவர் குழாய் வெட்டும் மடக்குக் கத்தியோடு வார்டு வாசலுக்கு வந்தபோது தலைமைச் செவிலியர் அருள்கனி நாற்காலியைக் குறுக்கே போட்டு உட்கார்ந்திருந்தார். ஒன்று முதல் மூன்று வரை அமைதி நேரம். டாக்டர், மருந்து வண்டி, விளக்குமாறு எதுவும் உள்ளே போகக் கூடாது. நோயாளியே மணியை அழுத்தினால்தான் ஆள் போகும். கட்டடம் கட்டும்போதே சண்டை போட்டு அந்த விதியை வாங்கியவர் அருள்கனி. முப்பது வருஷ வேலையில், தூங்குகிற நோயாளியை எழுப்பித் தூக்க மாத்திரை கொடுத்த ஆஸ்பத்திரிகளையும் பார்த்தவர்.

"மூணு மணிக்கு வாங்க."

"மூணு மணிக்கு அது அடங்கிரும் சிஸ்டர். குடிக்கிற நேரத்துல பாக்கணும்."

"ஒம்பது நாளாப் பாக்காதவிய இன்னைக்குப் பாக்கணுமாக்கும்."

"ஒம்பது நாளும் குழாயத்தான் பாத்தேன். சுவரப் பாக்கல." தளவாய் குரல் இறங்கியது. "சாயங்காலம் வெட்டச் சொல்லிட்டாவ. அதுக்கு முன்னால ஒரு தடவ அது என்னதான் செய்யுதுன்னு பாத்துட்டு வெட்டிருதேன்."

அருள்கனி கத்தியைப் பார்த்தார். அவருடைய காலைப் பார்த்தார். செருப்பு இல்லை. நாற்காலியைச் சத்தமில்லாமல் நகர்த்தினார். "நானும் வாரேன். இருமல் வந்தா வெளிய ஓடிரணும்."

வார்டு அரைவெளிச்சத்தில் கிடந்தது. கோரைத் தட்டிகளின் வழியாக வெயில் பொடிப்பொடியாக விழுந்தது. பதினாலை நெருங்க நெருங்கக் காற்று குளிர்ந்தது. மழைக்கு முந்தின நிமிஷம் வருகிற அந்த வாசம் அங்கே கனமாக நின்றது. ஒன்பது வருஷத்தில் அந்தச் சுவர் இவ்வளவு மும்முரமாக வேலை செய்து தளவாய் பார்த்ததில்லை. அருள்கனி திரையை ஒரு சாண் விலக்கினார்.

கட்டிலில் சுயம்பு இல்லை.

கட்டிலில் தங்கபுஷ்பம் மல்லாந்து படுத்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. தலைக்கு மேல் பாசி சிலிர்த்து நின்றது, நுனிக்கு நுனி நீர்முத்து. சுயம்பு கீழே ஓலைப்பாயில், தலைக்குக் கையை முட்டுக் கொடுத்து, மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு கிடந்தார். இவர்களைக் கண்டதும் பதறவில்லை. உதட்டில் விரலை வைத்து, சத்தம் போடாதீர்கள் என்று தலைமைச் செவிலியருக்கே ஜாடை காட்டினார்.

கூட இருப்பவர்கள் கட்டிலில் படுக்கக் கூடாது என்று அருள்கனி நாளைக்குப் பத்துத் தடவை சொல்பவர். அவருக்கு மூக்கு விடைத்தது. குனிந்து, காற்றோடு காற்றாகக் கேட்டார்.

"நீங்க ஏன் அண்ணாச்சி கீழ கெடக்கிய?"

"எனக்குக் கட்டில் ஒத்துக்காது சிஸ்டர். விழுந்திருவோமோன்னே இருக்கும். அறுவது வருசமாத் தரையில கெடந்த முதுவு. அளத்துக்கு விடியுமுன்ன போயிருவோம். வெயில் ஏறுனதும் வந்து, கஞ்சியக் குடிச்சிட்டு மத்தியானம் படுத்தாத்தான் எங்களுக்குத் தூக்கம். வந்த மொத வாரம் ஒரு மத்தியானம் நா கீழ படுத்துட்டேன். இவ கட்டில் ஓரத்துல உக்காந்திருந்தா. அப்படியே சாஞ்சா. தூங்கிட்டா."

"அதுக்காவ தினமுமா?"

"இவ நிமிந்து படுத்துத் தூங்கி ஒரு வருசமாச்சி சிஸ்டர்." கட்டிலிலிருந்து தொங்கிய சேலைத் தலைப்பைச் சுயம்பு மெல்ல மேலே எடுத்துப் போட்டார். "படுத்தா மூச்சு முட்டுதுன்னு செவத்துல சாஞ்சி உக்காந்துதான் கண்ண மூடுவா. பாதியில எந்திரிச்சி வாசல்ல போயி நிப்பா. இங்க வந்து, இந்தச் செவத்துக்கிட்ட, பச்சப்புள்ள கணக்காத் தூங்குதா. அதப் பாத்த பொறவு எப்படி நா வீட்டுக்குப் போவேன்?"

"அப்ப ஒங்க கால் வலி?"

சுயம்பு பாயின் ஓலையைக் கீறினார். "அது ஆபரேசன் ஆன நாலாம் நாளே போயிட்டு."

தளவாய்க்குச் சிரிப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஏனென்றால் அருள்கனி கட்டிலின் கால்மாட்டுக்குப் போய்விட்டார். சேலை ஓரத்தை விலக்கித் தங்கபுஷ்பத்தின் கணுக்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே இருந்தது. அவர் தலைமாட்டுக்கு வந்து, தூங்குகிறவளின் வாயருகே குனிந்து மூச்சை முகர்ந்தார். நிமிர்ந்தபோது முகம் மாறியிருந்தது.

"உப்பு ஊறுன காலு வீங்கத்தான் செய்யும்னு நெனச்சிருப்பா" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு தளவாயைப் பார்த்தார். "இவ மூச்சுல யூரியா வாடை வருது. கிட்னி."

தளவாய் கரும்பச்சையாகத் தளதளத்து நின்ற பாசியைப் பார்த்தார். மூன்று தடவை குழாயைப் பிரித்தும் கிடைக்காத உரம் எங்கிருந்து வந்தது என்று இப்போது விளங்கியது. கத்தியை மடித்துச் சட்டைப்பைக்குள் போட்டார்.

சாயங்காலத்துக்குள் பரிசோதனை முடிவு வந்தது. இரண்டு சிறுநீரகமும் சேர்ந்து பத்தில் ஒரு பங்கு வேலைதான் செய்தன. வைரவன் நல்ல டாக்டர், மளமளவென்று எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தார். தண்ணீர் நிறையக் குடிப்பீர்களா என்று அவர் கேட்டதற்குத் தங்கபுஷ்பம், "அளத்துல பொம்பளைக்கு ஒதுங்க எடம் ஏது டாக்டர்? தண்ணி குடிச்சாத்தான வம்பு. முப்பது வருசமாக் காலையில ஒரு செம்பு, வீட்டுக்கு வந்து ஒரு செம்பு" என்றாள். அவளுக்கு இது ஒரு சாதாரண விஷயம். தளவாய் கதவருகே நின்று அதைக் கேட்டார். முந்நூற்று இருபது லிட்டர் என்ற எண் அவர் தலைக்குள் சுற்றிக்கொண்டே இருந்தது.

வராந்தாவில் வைரவன் அவரைத் தனியாக நிறுத்தினார்.

"நல்லதாப் போச்சு. அந்தம்மாவை டயாலிசிஸ் இயந்திர வார்டுக்கு மாத்தியாச்சு. நாளைக்குப் பதினாலு நாப்பது லிட்டர்தான் காட்டும். வெட்டவும் வேணாம். கமிட்டி கேட்டா பழைய ஒம்பது நாள் கணக்குக் குழாய்ப் பழுது, சரி பண்ணிட்டோம்னு சொல்லிடுங்க."

"அது பழுது இல்லையே சார்."

"நீங்கதானே தினமும் பழுதுன்னு எழுதியிருக்கீங்க."

அந்த அடி விழுந்த இடம் சரியான இடம். தளவாய் தலையை ஆட்டி ஒப்புக்கொண்டார். "ஒம்பது நாள் அது ஆளக் கூப்பிட்டிருக்கு சார். நான் காது குடுக்கல."

"கூப்பிடல, தளவாய். குளிர வச்சுத் தூங்க வச்சுது. இன்னும் ஒரு மாசம் இப்படியே சுகமாத் தூங்கியிருந்தா அந்தம்மா தூக்கத்துலயே போயிருப்பாங்க. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்க மாட்டாங்க. கமிட்டிகிட்ட அதையும் சொல்லுவீங்களா?"

அன்று வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தளவாய் இதற்குப் பதில் தேடினார். வைரவன் சொன்னது அத்தனையும் உண்மை. வலியை ஆற்றுகிற சுவர் என்று ஊரெல்லாம் பெருமைப்பட்டார். ஆறிய வலிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று யார் பார்ப்பது என அவர் ஒரு நாளும் யோசித்ததில்லை. நோயாளியைச் சுற்றியே கட்டிய கட்டடத்தில், கூட இருப்பவருக்கு ஒரு ஸ்டூல் போட்டதோடு சரி. சொன்னால் பதிமூன்று ஊரும் போகலாம். அக்காவிடம் என்ன சொல்வது?

வியாழக்கிழமை வந்த கமிட்டிக்குத் தலைவர் மங்கையர்க்கரசி. நீர்ப் பங்கீட்டில் பழம் தின்று கொட்டை போட்டவர். வாசலில் காரை விட்டு இறங்கும்போது யாரையோ போனில் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். வராந்தாவில் பத்தடி வந்ததும் குரல் தணிந்தது. வார்டுக்குள் வந்தபோது போனையே அணைத்திருந்தார். சுவரில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். வைரவனின் முகம் மலர்ந்தது.

பிறகு பதிவேட்டைக் கேட்டார். பக்கங்கள் புரண்டன. விரல் ஒரு வரியில் நின்றது.

"பதினாலுல ஒன்பது நாள் பழுதுன்னு இருக்கே. என்ன பழுது?"

வைரவன் தளவாயைப் பார்த்தார். அந்தப் பார்வையில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது.

"பழுது என்னோடதும்மா" என்றார் தளவாய். ஆரம்பித்த பிறகு நிறுத்த முடியவில்லை. ஓலைப்பாயையும், வலது காலில் வந்த வலியையும், கணுக்காலில் பதிந்த குழியையும் ஒன்று விடாமல் சொன்னார். இன்னும் ஒரு மாதம் போயிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதையும் சொன்னார். மங்கையர்க்கரசி குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அப்ப உங்க சுவர் நோயாளி இல்லாதவங்களுக்கும் தண்ணி செலவழிக்கும்."

"யாரு நோயாளி, யாரு கூட வந்தவங்கன்னு கேஸ் ஷீட்லதாம்மா இருக்கு. சுவருக்கு அது தெரியாது."

"கூட இருக்கிறவங்களையும் சேர்த்துக் கட்டினா ஒரு படுக்கைக்கு எவ்வளவு ஆகும்?"

"எழுவது, எழுவத்தஞ்சு லிட்டர்."

"என்கிட்ட இருக்கிற தண்ணி அதேதான். பதிமூணு ஊர் ஏழா ஆயிடும். தெரியும்தானே?"

"தெரியும்மா."

"தெரிஞ்சும் சொல்றீங்க."

"நேத்து மத்தியானம் வரைக்கும் தெரியாது. தெரிஞ்ச பொறவு பாதி ஆளுக்கு மட்டும் கட்டச் சொல்ல மனசு வரல." அவர் பதிவேட்டின் அந்த வரியைத் தொட்டுக் காட்டினார். "இன்னொண்ணும் செய்யணும்மா. எந்தப் படுக்கையில தண்ணி ஏறுதோ, அன்னைக்கே ஒரு நர்ஸ் போயி ஆளப் பாக்கணும். அமைதி நேரமா இருந்தாலும்."

பின்னால் நின்ற அருள்கனி கனைத்துக்கொண்டார். "செருப்பில்லாம" என்றார்.

உத்தரவு பத்து நாளில் வந்தது. ஏழு ஊர்கள். கூட இருப்பவருக்கும் சேர்த்து. அந்த ஏழில் விளாத்திகுளம் இல்லை. தளவாய் அக்காவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னார். "அதுக்கென்னல, பஸ்ஸுதான் ஓடுதே" என்றாள் பேச்சியம்மாள். அப்புறம் கத்திரிக்காய் விலையைப் பற்றிப் பேசினாள். போனை வைத்த பின் தளவாய் பதிமூன்று ஊர் இருந்த பழைய பட்டியலை மடித்து மேஜைக்குள் வைத்தார். நல்லது செய்தோம் என்ற நிறைவு வரும் என்று நினைத்திருந்தார். அது முழுசாக வரவில்லை.

தங்கபுஷ்பம் முப்பத்தொன்றாம் படுக்கைக்குப் போயிருந்தாள். வாரம் மூன்று நாள் இயந்திரம் அவள் ரத்தத்தைச் சுத்தம் செய்தது. சுயம்புவைக் கால் குணமாகிவிட்டது என்று எழுதி முறைப்படி வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் வாசல்வரை போய்ச் சீட்டைக் காட்டிவிட்டு, கூட இருப்பவர் என்று இன்னொரு சீட்டு வாங்கிக்கொண்டு உடனே உள்ளே வந்துவிட்டார். ஓலைப்பாயும் கூடவே வந்தது.

ஆடி மாதம் பிறந்து ஒரு வாரம் இருக்கும். காலையில் முந்தின நாள் தண்ணீர்க் கணக்கைப் பார்த்த தளவாய் முப்பத்தொன்றில் நின்றார். நாற்பதாக இருந்தது எழுபத்திரண்டுக்கு ஏறியிருந்தது. அதுவும் மதியம் ஒன்றிலிருந்து மூன்றுக்குள். அவர் பதிவைத் தொடவில்லை. பேனாவை மூடி வைத்துவிட்டு ஒரு மணி ஆவதற்குக் காத்திருந்தார்.

அருள்கனி நாற்காலியை அவராகவே நகர்த்திவிட்டு உடன் வந்தார்.

திரையை விலக்கியதும் கட்டிலில் விழித்துக்கொண்டிருந்த தங்கபுஷ்பம் உதட்டில் விரலை வைத்தாள். கண்ணால் கீழே காட்டினாள். சுயம்பு சுவரோரம் பாயில் சுருண்டு தூங்கிக்கொண்டிருந்தார். தளவாய் சுவரைப் பார்த்தவர் அப்படியே மண்டியிட்டுவிட்டார். இடுப்பு உயரத்துக்குக் கீழே அவர் பாசி விதைத்ததே இல்லை. தரை துடைக்கிற மருந்துநீர் பட்டால் செத்துப்போகும் என்று வெறும் மண்ணாக விட்டிருந்த இடம் அது. அந்த வெற்றுச் சுவரில், மேலிருந்து கையகலத்துக்கு ஒரு பச்சைப் பட்டை இறங்கி வந்திருந்தது. வளைந்து நெளிந்து வந்து சுயம்புவின் தலைமாட்டில் முடிந்திருந்தது. நுனியில் நீர் கோத்திருந்தது.

"இவருக்கும் என்னமோ இருக்கு சிஸ்டர்" என்றார் தளவாய். பட்டையின் நுனியைக் காட்டினார். "பாருங்க."

அருள்கனி பக்கத்தில் உட்கார்ந்தார். தூங்குகிறவரின் நாடியைப் பிடித்தார், கணுக்காலை அழுத்தினார், மூச்சை முகர்ந்தார். அவசரமே இல்லை அவருக்கு. "போன வாரம் ரத்தம் எடுத்துப் பாத்தாச்சி. கல்லுக் கணக்கா இருக்காவ. ஒண்ணும் கெடயாது."

"பின்ன எதுக்கு இது இங்க வரைக்கும் வந்திருக்கு?"

அருள்கனி கட்டிலை நிமிர்ந்து பார்த்தார். அங்கிருந்து தங்கபுஷ்பம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள், கையில் ஊசிக் கட்டோடு.

"பயந்தவன் மூச்சும் அதுக்குத் தெரியும்னு நீங்கதான எப்பமும் சொல்லுவிய" என்றார் அருள்கனி.

தளவாய் அந்தப் பச்சைப் பட்டையை மெல்லத் தொட்டார். சில்லென்று இருந்தது. சுயம்பு தூக்கத்தில் ஒரு நீண்ட மூச்சு விட்டுத் திரும்பிப் படுத்தார். அதற்குள் நெற்றிச் சுருக்கம் கொஞ்சம் இளகியிருந்தது.

அன்று சாயங்காலம் அவர் பதிவேட்டைத் திறந்து எழுதினார்: 'படுக்கை 31. எழுபத்திரண்டு லிட்டர். பழுது இல்லை. ஆள் இரண்டு.' பிறகு துப்புரவுப் பிரிவுக்குத் தனியே ஒரு சீட்டு எழுதினார். முப்பத்தொன்றில் சுவரோரம் மருந்துநீர் படாமல், ஒரு சாண் தள்ளித் துடைக்க வேண்டும் என்று.